பழவேற்காட்டில் கொல்லைப்புற அக்வாபோனிக்ஸ் குடில்

அக்வாபோனிக்ஸ் என்பது மீன் வளர்ப்பையும் மண்ணில்லாச் செடி வளர்ப்பையும் ஒரே தண்ணீர்ச் சுற்றில் இணைக்கும் முறையாகும். மீன் தொட்டியின் கழிவு நீர் செடிகளுக்கு உரமாகிறது. செடிகளின் வேர்ப்பகுதியைக் கடந்து தெளிந்த தண்ணீர் மீண்டும் மீன் தொட்டிக்கே திரும்புகிறது. வீட்டின் பின்புறம் உள்ள சிறிய இடத்தில் இதை அமைக்க முடியும் என்பதால், பல நாடுகளில் இது குடும்பங்கள் தாமே கட்டிக்கொள்ளும் அமைப்பாகப் பரவியுள்ளது.

திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களில் இத்தகைய குடிலை அமைப்பதற்குத் தனிக் கவனம் தேவைப்படுகிறது. குளிர் நாடுகளின் கையேடுகளில் உள்ள அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கு வெயிலும் புயலும் உண்டு. அவற்றைவிட முக்கியமாக, நிலத்தடி நீரில் உப்பு உண்டு. தண்ணீரை வெளியே விடாமல் சுற்றிப் பயன்படுத்தும் அமைப்பில் அந்த உப்பு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். எனவே எந்த மீன், எந்தச் செடி என்ற கேள்விகளுக்கு முன்னர், எந்தத் தண்ணீர் என்ற கேள்விக்கு விடை காண வேண்டும்.

ஏரியும் மீனவ ஊர்களும்

பழவேற்காடு ஏரி சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவாகும். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியை வங்காள விரிகுடாவிலிருந்து பிரிக்கிறது. ஆரணி ஆறு, காளங்கி, சொர்ணமுகி ஆகிய ஆறுகள் ஏரிக்கு நன்னீரைக் கொண்டுவருகின்றன. கடல்நீர் முகத்துவாரம் வழியே உள்ளே வருகிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஏரியின் உப்புத்தன்மை வெகுவாகக் குறைகிறது. கோடையில் ஆழமற்ற பகுதிகளில் அது கடல்நீரையும் மிஞ்சுகிறது. மணல் திட்டு முகத்துவாரத்தை அடைக்கும் காலங்களில் கடலிலிருந்து இறால், மீன் குஞ்சுகள் உள்ளே வருவது குறைந்து, ஏரியை நம்பியுள்ள குடும்பங்களின் வருவாயும் குறைகிறது.

மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ முறை இங்கு நீண்டகாலமாக வழக்கில் உள்ளது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்காக அறியப்பட்டவை. பாட்டில் பங்கு இல்லாதவர்களுக்கும், கையால் இறால் தடவிப் பிடிக்கும் பழங்குடியினருக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் ஏரிக்கு வெளியே ஒரு துணைத் தொழில் தேவைப்படுகிறது. ஓடு கழற்றிய மெலிந்த நண்டுகளைச் சில வாரங்கள் அடைத்து, தீனியிட்டுக் கொழுக்க வைத்து விற்பது அவ்வாறு பழகிய தொழில்களுள் ஒன்றாகும்.

இறால் பண்ணைகள் கற்பித்த பாடம்

ஏரிக்கரையில் நீர்வாழ் உயிரினங்களை வளர்ப்பது புதிய செய்தி அல்ல. 1990களில் தமிழ்நாடு, ஆந்திரக் கடற்கரைகளில் இறால் பண்ணைகள் வேகமாகப் பெருகின. பண்ணைகளின் கழிவு நீர் கால்வாய்களிலும் ஏரிகளிலும் விடப்பட்டது. குளங்களில் தேக்கிய உவர்நீர் அருகிலுள்ள கிணறுகளையும் வயல்களையும் பாதித்தது. காந்தியவாதியான எஸ். ஜெகந்நாதன் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வழங்கியது. சிலிக்கா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளையும் பெயர் குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைக்கக் கூடாது என்று அத்தீர்ப்பு கூறியது. பின்னர் 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. இச்சட்டம் 2023இல் திருத்தப்பட்டது.

இந்தப் பின்னணியில் அக்வாபோனிக்ஸ் முறையின் முதன்மையான சிறப்பு, கழிவு நீரை ஏரியில் விடாததாகும். அதே சிறப்பு ஒரு நிபந்தனையையும் விதிக்கிறது. வெளியே விடாத தண்ணீரில் சேர்வது எதுவாயினும் உள்ளேயே தங்கும்.

செயல்படும் விதம்

மீன்கள் உண்ணும் தீவனத்தில் உள்ள புரதத்தின் ஒரு பகுதி அவற்றின் உடலாகிறது. மீதி, பெரும்பாலும் செவுள்கள் வழியே அம்மோனியாவாக வெளியேறுகிறது. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. தண்ணீர் சூடாகவும் காரமாகவும் இருக்கும்போது அதன் நச்சுத்தன்மை கூடுகிறது.

கற்கள், குழாய்கள், தொட்டிச் சுவர்கள் ஆகியவற்றில் படிந்து வாழும் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. நைட்ரோபாக்டர், நைட்ரோஸ்பைரா போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டை மீன்கள் ஓரளவு தாங்கும். செடிகள் அதை உரமாக உறிஞ்சுகின்றன.

ஆகவே இந்த அமைப்பில் வளர்ப்பவர் மூன்று உயிர்களைக் காக்க வேண்டியுள்ளது. மீனும் செடியும் கண்ணுக்குத் தெரிபவை. பாக்டீரியா தெரியாதது. மூன்றுக்கும் ஆக்சிஜன் தேவை. மூன்றுக்கும் ஒத்துவரும் பி.எச். அளவு 6.8 முதல் 7.2 வரை ஆகும்.

வயலில் நெல்லையும் மீனையும் சேர்த்து வளர்க்கும் பழக்கம் ஆசியாவில் மிகப் பழமையானது. தொட்டிகளில் மீனையும் செடியையும் இணைக்கும் இன்றைய முறை அமெரிக்காவில் உருவானது. 1969இல் தொடங்கப்பட்ட நியூ அல்கெமி நிறுவனம் அதற்கான தொடக்கச் சோதனைகளைச் செய்தது. பின்னர் கரீபியப் பகுதியிலுள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்ற ஆய்வாளரின் குழு மீன் தீவனத்துக்கும் செடிப் பரப்புக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதத்தைக் கணக்கிட்டு வெளியிட்டது. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2014இல் சிறிய அமைப்புகளுக்கான விரிவான கையேட்டை வெளியிட்டது.

தண்ணீரைத் தேர்ந்தெடுத்தல்

முதல் வேலை, கிடைக்கும் தண்ணீரின் உப்பை அளப்பதாகும். இதற்கு விலை குறைந்த டி.டி.எஸ். மீட்டர் போதும். அதில் 1,000 என்று காட்டினால் ஒரு லிட்டரில் சுமார் 1 கிராம் உப்பு கரைந்துள்ளது என்று பொருள். கடல்நீரில் இது சுமார் 35 கிராம். ஒரு லிட்டருக்கு 2 கிராமைத் தாண்டினால் பெரும்பாலான கீரைகளும் காய்கறிகளும் தளரத் தொடங்கும்.

கைப்பம்புத் தண்ணீர் 1 கிராம் உப்புடன் இருக்கிறது என்று கொள்வோம். குடிக்கும்போது லேசாகக் கரிக்கும் அந்தத் தண்ணீரில் கீரை வளரும். 1,500 லிட்டர் கொண்ட அமைப்பில் ஆவியாதலாலும் இலைகள் வழியே வெளியேறுவதாலும் நாளொன்றுக்கு 30 லிட்டர் குறையலாம். அதை ஈடுசெய்ய அதே தண்ணீரை 30 லிட்டர் ஊற்றினால் தினமும் 30 கிராம் உப்பு உள்ளே வருகிறது. வெளியேறுவது நீராவி மட்டுமே என்பதால் உப்பு தங்கிவிடுகிறது. 50 நாட்களில் 1,500 கிராம் சேர்ந்து, லிட்டருக்கு 1 கிராமாக இருந்தது 2 கிராமாகிவிடும். இரண்டு அறுவடை வரை நன்றாக இருந்த கீரை மூன்றாவது அறுவடையில் நுனி கருகுவதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம். மீன்கள் அப்போதும் நலமாகவே இருக்கும் என்பதால் காரணம் எளிதில் புலப்படாது.

இதைத் தவிர்க்க மழைநீர் உதவும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கிறது. 30 சதுர மீட்டர் கூரையில் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் 30,000 லிட்டர் விழும். சிதறுவதும் முதல் மழையில் கழித்து விடுவதும் போக 24,000 லிட்டர் தேறும். எட்டு மாத வறண்ட காலத்துக்கு அமைப்பின் தேவை சுமார் 7,200 லிட்டர். சிக்கல் மழையின் அளவில் இல்லை, சேமிக்கும் தொட்டியின் விலையில் உள்ளது. முழுத் தேவைக்கும் தொட்டி வாங்க இயலாதவர்கள் மழைநீரையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து பயன்படுத்தலாம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்த பின்னரே ஊற்ற வேண்டும்.

கிடைக்கும் தண்ணீர் லிட்டருக்கு 3 கிராமுக்கு மேல் உப்புடன் இருந்தால், சாதாரணக் கீரை வளர்க்கும் எண்ணத்தைக் கைவிட்டு உவர்நீர் அமைப்புக்கு மாறுவது நல்லது. அதற்கான மீன்களும் செடிகளும் பின்னர் கூறப்பட்டுள்ளன.

குடில் அமைத்தல்

குளிர் நாடுகளில் பசுமைக்குடில் வெப்பத்தைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டப்படுகிறது. பழவேற்காட்டில் தேவைப்படுவது அதற்கு நேர்மாறானது. மே மாத வெயிலில் மூடிய பாலித்தீன் குடிலுக்குள் செடிகள் வாடும், தொட்டி நீரும் சூடேறும். 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் அதிகபட்சமாக 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 பாகையில் அது சுமார் 7.3 மில்லிகிராமாகக் குறைகிறது. மீனுக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பதால் கோடையில் மிச்சம் மிகக் குறைவு.

எனவே இங்கு ஏற்றது நிழல்வலைக் குடில் ஆகும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரம் போதுமானது. இரும்புக் குழாய்கள் உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். இப்பகுதியில் எளிதில் கிடைக்கும் சவுக்குக் கழிகள் மலிவானவை, துருவும் ஏறாது. மண்ணுக்குள் இருக்கும் பகுதிக்குத் தார் பூச வேண்டும். கூரைக்கு 50 விழுக்காடு நிழல் தரும் வலையும், பக்கங்களுக்குப் பூச்சி வலையும் பொருத்தலாம். கடற்காற்று குடிலுக்குள் புகுந்து வெளியேறும்படி விட வேண்டும்.

மழைக்காலத்தில் கூரைக்கு மேல் பாலித்தீன் தாள் போட்டால் பாத்திகள் நிரம்பி வழிவதைத் தடுக்கலாம். அப்படியும் வழியும் தண்ணீரை ஏரிப் பக்கம் விடாமல் ஒரு குழாய் வழியே தென்னை மரத்தடிக்குத் திருப்ப வேண்டும். உவர்நீர் அமைப்பானால் அதுவும் கூடாது. வழியும் நீரைத் தனித் தொட்டியில் பிடித்து வைக்க வேண்டும்.

புயலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பெருமழையைக் கொட்டியது. வலையையும் தாளையும் ஆணியால் அறையாமல் கயிற்றால் கட்டினால், எச்சரிக்கை வந்தவுடன் அரை மணி நேரத்தில் அவிழ்த்துவிடலாம். வெறும் கழிகள் காற்றைத் தாங்கி நிற்கும். வெள்ளம் வரும் இடங்களில் தொட்டிகளை மண்ணில் புதைக்கக் கூடாது. மேடு கட்டி அதன்மேல் வைக்க வேண்டும். ஏரியின் நீர்மட்டம் உயரும்போது மீன்கள் தப்பிச் செல்லாமல் இருக்கவும் இது உதவும்.

தொட்டிகளும் அளவுகளும்

அமைப்பின் அளவை மீன்களின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்வது பொதுவான பிழையாகும். நாளொன்றுக்கு இடும் தீவனத்தின் எடையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்குத் தினமும் 40 முதல் 50 கிராம் தீவனம் என்பதும், தக்காளி, மிளகாய் போன்றவற்றுக்கு 50 முதல் 80 கிராம் என்பதும் பொதுவான கணக்கு.

1,000 லிட்டர் தொட்டியில் 250 கிராம் எடையுள்ள 40 மீன்கள் இருந்தால் மொத்த எடை 10 கிலோ. உடல் எடையில் 2 விழுக்காடு தீவனம் என்றால் நாளொன்றுக்கு 200 கிராம். இதற்கு 4 சதுர மீட்டர் கீரைப் பாத்தி தேவை. குடும்ப அளவிலான அமைப்புக்கு இது நல்ல தொடக்கம்.

பாத்திகளை ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டராக நான்காகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு முக்கால் அங்குல ஜல்லியை நிரப்ப வேண்டும். நான்குக்கும் சேர்த்து 1.2 கன மீட்டர் ஜல்லி தேவைப்படும். அதன் எடை சுமார் 1.9 டன். தண்ணீரும் சேரும்போது ஒவ்வொரு பாத்தியும் அரை டன்னைத் தாண்டும் என்பதால் மரப்பலகை தாங்காது. சிமெண்டு கற்களை அடுக்கி அதன்மேல் பாத்தியை அமைப்பதே பாதுகாப்பானது.

ஜல்லியில் வினிகரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு உள்ளது. அது பி.எச். அளவை இடைவிடாமல் உயர்த்தும். இதே காரணத்தால் ஏரிக்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலையோ கடல் மணலையோ பாத்தியில் நிரப்பக் கூடாது. கிளிஞ்சலுக்கு வேறொரு பயன் உண்டு. அது பராமரிப்புப் பகுதியில் சொல்லப்பட்டுள்ளது.

தண்ணீர் ஓடும் வழி பின்வருமாறு அமையும்.

1. மீன் தொட்டியின் உயரம் சுமார் ஒரு மீட்டர். அதன் அடியிலிருந்து கழிவோடு எழும் தண்ணீர் ஒரு குழாய் வழியே மேலேறி பாத்திகளுக்குத் தானே வழியும்.
2. பாத்திகளின் மேல்விளிம்பு தரையிலிருந்து 80 சென்டிமீட்டர், அடிப்பகுதி 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்.
3. பாத்தியில் நிரம்பிய தண்ணீர் வடிதொட்டிக்கு இறங்கும். 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத, அகலமான 500 லிட்டர் தொட்டி இதற்கு ஏற்றது.
4. வடிதொட்டியில் உள்ள மோட்டார் தண்ணீரை மீன் தொட்டிக்கு ஏற்றும்.

மோட்டாரை மீன் தொட்டியில் வைக்காமல் வடிதொட்டியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. குழாய் கழன்று தண்ணீர் முழுதும் வெளியேறினாலும் வடிதொட்டி மட்டுமே காலியாகும், மீன் தொட்டியில் நீர்மட்டம் குறையாது. நான்கு பாத்திகளும் ஒரே நேரத்தில் நிரம்பினால் கற்களின் இடைவெளிகளில் சுமார் 400 லிட்டர் தண்ணீர் தங்கும். வடிதொட்டி 500 லிட்டர் கொள்ள வேண்டும் என்பது இதனால்தான்.

பாத்தி நிரம்புவதும் வடிவதும் மாறி மாறி நிகழ்ந்தால் வேர்களுக்குக் காற்று கிடைக்கும். இதற்குப் பெல் சைஃபன் எனும் எளிய அமைப்பு பயன்படுகிறது. பாத்தியில் நிற்கும் வடிகுழாயின்மேல், அடியில் துளையிட்ட பெரிய குழாய் ஒன்றை மேல்வாய் மூடியபடி கவிழ்த்து வைத்தால், தண்ணீர் குறித்த உயரத்தை எட்டியதும் உறிஞ்சப்பட்டு முழுவதும் வடியும். உள்ளே காற்று புகுந்ததும் வடிவது நின்று மீண்டும் நிரம்பத் தொடங்கும்.

மின்சாரம்

மீன் தொட்டியின் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது முழுதும் சுற்றி வர வேண்டும். 40 வாட் மோட்டாரும் 20 வாட் காற்றேற்றியும் இரவு பகலாக இயங்கினால் நாளொன்றுக்கு 1.44 யூனிட் செலவாகும். இரண்டு மாதங்களில் இது சுமார் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அதன் பெரும்பகுதியை மீன் தொட்டியே எடுத்துக்கொள்ளும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

கோடை இரவில் மின்சாரம் நின்றால், மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியில் சில மணி நேரத்துக்குள் சாவு தொடங்கலாம். பேட்டரியில் இயங்கும் சிறிய காற்றேற்றி ஒன்றை வாங்கி வைக்காமல் மீன்களை விடக் கூடாது. புயலுக்குப் பின் பல நாட்கள் மின்சாரம் வராதிருப்பது இப்பகுதியில் நடக்கக்கூடியதே. அத்தகைய வேளைகளில் தீவனத்தை அறவே நிறுத்துவதும், பெரிய மீன்களைப் பிடித்து எண்ணிக்கையைக் குறைப்பதும் மீதமுள்ளவற்றைக் காக்கும்.

பாக்டீரியாவை நிலைநிறுத்தல்

அமைப்பைக் கட்டிய அன்றே மீன்களை நிறைய விடுவதால் பல முயற்சிகள் தோல்வியடைகின்றன. கற்களில் பாக்டீரியா நிலைபெற 4 முதல் 6 வாரங்கள் ஆகும். உவர்நீரில் இன்னும் சற்றுத் தாமதமாகும். இக்காலத்தில் ஒரு சில மீன்களை மட்டும் விட்டு, மிகக் குறைவாகத் தீவனமிட வேண்டும். முன்பே இயங்கும் அமைப்பு எதிலிருந்தாவது ஒரு கூடை ஜல்லி கிடைத்தால் வேலை விரைவுபடும்.

அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் தண்ணீரைப் பார்த்து வந்தால், முதலில் அம்மோனியா உயர்ந்து இறங்குவதையும், பின்னர் நைட்ரைட்டு உயர்ந்து இறங்குவதையும் காணலாம். இரண்டும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே நிலைத்து, நைட்ரேட்டு தென்படத் தொடங்கிய பிறகே மற்ற மீன்களை விட வேண்டும்.

நன்னீருக்கான மீன்களும் செடிகளும்

உலகெங்கும் அக்வாபோனிக்ஸில் அதிகம் வளர்க்கப்படுவது திலேப்பியா. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா, உவர்நீரையும் தாங்கிப் பெருகி நம் நீர்நிலைகளில் நாட்டு மீன்களுக்குப் போட்டியாகியது. எனவே திலேப்பியா வளர்க்க அரசின் முன் அனுமதி தேவை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பதற்கு இந்தியாவில் தடை உள்ளது. ஏரியை ஒட்டிய ஊர்களில் இவ்விரண்டையும் தவிர்ப்பது நல்லது.

விரால் இப்பகுதிக்குப் பொருத்தமானது. அது நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் மின்தடையைப் பிற மீன்களைவிட நன்றாகத் தாங்கும். சந்தையில் விலையும் உண்டு. பெரியது சிறியதைத் தின்னும் என்பதால் ஒரே அளவுக் குஞ்சுகளை விட வேண்டும். குருணைத் தீவனத்துக்குப் பழகிய குஞ்சுகளையே வாங்க வேண்டும். துள்ளி வெளியே விழாதபடி தொட்டியை வலையால் மூடுவதும் அவசியம். உண்ணும் மீனுக்குப் பதிலாகக் கோய் கெண்டை போன்ற அலங்கார மீன்களையும் வளர்க்கலாம். அலங்கார மீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூர் அவற்றுக்கு அருகிலுள்ள சந்தையாகும்.

செடிகளில் சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக், புதினா, வெந்தயக்கீரை ஆகியவை தொடக்கத்துக்கு ஏற்றவை. அமைப்பு ஓராண்டு நிலைத்து இயங்கிய பின் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றை முயலலாம்.

உவர்நீருக்கான மீன்களும் செடிகளும்

உவர்நீர் அமைப்பில் கொடுவா, பால்மீன், மடவை, கரிமீன் ஆகியவற்றை வளர்க்கலாம். நான்கும் இந்த ஏரிக்கு உரியவையே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாயையும் 2015இல் பால்மீனையும் வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்வதில் வெற்றி கண்டது. ஆகவே குஞ்சுகளுக்காக ஏரியையோ முகத்துவாரத்தையோ வலை போட்டு அரிக்க வேண்டியதில்லை. அவ்வாறு அரிப்பது, ஏரியில் தொழில் செய்யும் அண்டை வீட்டாரின் பங்கைக் குறைப்பதாகும்.

செடிகளுக்கு உப்பு நிலத்தில் இயல்பாக வளரும் உமரியும் ஓர்ப்பூடும் பொருந்தும். இரண்டும் சதைப்பற்றான தண்டும் இலையும் கொண்டவை. கடலோர மக்கள் கீரையாகச் சமைத்து உண்பவை. உமரி இயல்பாகவே உப்பாக இருப்பதால் அலசி வேகவைத்து, நீரை வடித்துப் பயன்படுத்துவது வழக்கம். ஓர்ப்பூட்டின் தண்டுத் துண்டுகளை நட்டாலே துளிர்க்கும்.

இந்த அமைப்பில் உப்பின் அளவை லிட்டருக்கு 10 முதல் 15 கிராமுக்குள் ஒரே நிலையில் வைத்திருக்க வேண்டும். ஏரி நீரைத் தினமும் எடுத்து ஊற்றினால் பருவத்துக்கேற்ப உப்பு மாறி பாக்டீரியா பாதிக்கப்படும். தொட்டியை நிரப்ப ஒரு முறை மட்டும் உவர்நீர் எடுத்து, குறையும் நீரை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். உவர்நீரைப் பயன்படுத்தும் வளர்ப்புக்கு முன்னர் கூறிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் உண்டு. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயமும் ஆகும். எனவே வேலையைத் தொடங்கும் முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் அனுமதி குறித்துக் கேட்டறிவது அவசியம்.

நாள்தோறும் பராமரிப்பு

- காலையும் மாலையும் தீவனம் இட வேண்டும். 15 நிமிடங்களுக்குள் உண்ணாமல் மிதப்பதை அள்ளிவிட வேண்டும்.
- வாரம் ஒரு முறை பி.எச்., அம்மோனியா, நைட்ரைட்டு, டி.டி.எஸ். ஆகியவற்றைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.
- பாக்டீரியாவின் செயலால் பி.எச். மெல்லக் குறையும். 6.5க்குக் கீழே இறங்கினால், உப்புப் போகக் கழுவிய கிளிஞ்சலை ஒரு வலைப்பையில் கட்டி வடிதொட்டியில் தொங்கவிடலாம். பி.எச். 7ஐ எட்டியதும் எடுத்துவிட வேண்டும்.
- இளம் இலைகள் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. மீன் தீவனத்தில் அது போதிய அளவு இல்லாததால் கரையும் இரும்புச்சத்தைத் தனியே சேர்க்க வேண்டும்.
- பூச்சிமருந்து எதுவும் தெளிக்கக் கூடாது. வேப்ப எண்ணெய்க் கரைசலும் தொட்டியில் விழுந்தால் மீனைப் பாதிக்கும்.
- மீன் இல்லாத வடிதொட்டியில் கொசு முட்டையிடும். அதை மூடிவைக்க வேண்டும்.
- மாட்டுச் சாணம், கோழி எரு ஆகியவற்றைத் தண்ணீரில் சேர்க்கக் கூடாது. கீரையை நன்கு கழுவிய பின்னரே சமைக்க வேண்டும்.

பயனும் எல்லையும்

மேலே கூறிய அமைப்பில் ஒரு வளர்ப்புக் காலத்தில் கிடைப்பது சுமார் 10 கிலோ மீனும், வாரந்தோறும் வீட்டுக்குப் போதிய கீரையும் ஆகும். நல்ல நாளில் ஒரு படகு ஏரியில் ஒரே முறையில் பிடிக்கக்கூடிய அளவே அந்த மீன். ஆகவே இது ஏரித் தொழிலுக்கு மாற்று அல்ல. காசு கொடுத்துக் காய்கறி வாங்கும் உப்பு மண் ஊர்களில் கீரை கிடைப்பதும், வலை இறங்காத நாட்களில் ஒரு வேளைக் குழம்புக்கு மீன் இருப்பதுமே இதன் உண்மையான பயன். கடன் வாங்கி ஒரேயடியாகப் பெரிய அமைப்பைத் தொடங்குவோருக்கு, பாக்டீரியா நிலைபெறாத ஒரு வாரமோ மின்சாரம் இல்லாத ஓர் இரவோ பெரும் இழப்பாகிவிடும்.

2020இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புறத்தில் தண்ணீரை மறுசுழற்சி செய்து மீன் வளர்க்கும் சிறு அமைப்புகளும் இடம்பெற்றன. பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியம் வழங்க அத்திட்டம் வகை செய்தது. பழவேற்காட்டுக்கு அருகில் பொன்னேரியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம், மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகும். குஞ்சுகள், தீவனம், நீர்ப் பரிசோதனை பற்றிய ஐயங்களை அங்கு கேட்டுத் தெளியலாம்.

தொடங்க விரும்புவோர் முதலில் 200 லிட்டர் டிரம் ஒன்றையும் ஒரு சிறு பாத்தியையும் கொண்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் நடத்திப் பார்ப்பது பொருத்தமாகும். அந்த ஓராண்டில் குறிப்பேட்டில் எழுதிய டி.டி.எஸ். அளவுகள், அந்த வீட்டுக்கு ஏற்றது கீரையா உமரியா என்பதைக் காட்டிவிடும்.